பெட்டியில் கிடந்த தோல் பூட்ஸை மறுபடி காலில் ஏற்றுவது எப்படி

எங்கள் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். ஜூலை 14, நவம்பர் 11 வந்துவிட்டால் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குக் கிளம்பிவிடுவார். அவர் காலமான பிறகு முத்தியால்பேட்டை வீட்டுப் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மேலே கம்பளிக் கோட்டு. அடியில் பாலித்தீன் பையில் சுற்றி, வாயை இறுக்கிக் கட்டிய ஒரு ஜோடி பூட்ஸ். கணுக்காலுக்கு மேல் இரண்டு பக்கிள் வைத்த பழைய ராணுவ பூட்ஸ். முடிச்சை அவிழ்த்ததும் பூசண வாடை குப்பென்று அடித்தது. கறுப்புத் தோல் முழுக்க சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒரு பக்கிள் வார் தையல் விட்டுத் தொங்கியது.

பெரியம்மா, "வேணாம்பா, தூக்கிப் போட்டுடு" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அந்த பூட்ஸைச் சரிசெய்யப் போய்த்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கியவை, நண்பர்கள் கொண்டுவந்து கொடுத்தவை என்று பல ஜோடிகள் என் கைக்கு வந்து போயிருக்கின்றன. அவற்றைப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நம் கடலோரத்தில் பூட்ஸ் நடந்து தேய்வதைவிட, மூடி வைத்த இடத்தில் கிடந்து கெடுவதுதான் அதிகம். அதனால் இந்தக் கட்டுரையில் பாலிஷைவிட ஈரத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். முதல்முறையாக இந்த வேலையைத் தொடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கை வைப்பதற்கு முன்னால்

முதல் நாள் எதையும் தடவாதீர்கள், துடைக்காதீர்கள். வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

அது தோலா, ரெக்சினா? மேல்பரப்பு பெயிண்ட் உரிவதுபோல் செதில் செதிலாக உரிந்து, உள்ளே துணி நெய்தது தெரிந்தால் ரெக்சின். அதற்கு வைத்தியம் இல்லை. தோல் உரியாது. வெடிக்கும், சுருங்கும், விறைக்கும். லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் ஓரத்தைப் பாருங்கள், அங்கே வெட்டிய விளிம்பு பெரும்பாலும் மூடாமல் இருக்கும். நார் நாராகத் தெரிந்தால் தோல்தான். விளிம்பின் நிறமும் ஒரு செய்தி சொல்லும். உள்ளே வெளிர் நீலமோ சாம்பலோ ஓடினால் குரோமிய உப்பில் பதப்படுத்திய தோல். முழுக்கப் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் மரப்பட்டையில் பதப்படுத்தியது. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதப்படுத்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1978இல் புதுச்சேரியில் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனத்தின் பைகளைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குப் பட்டைத் தோல் கைக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கும். குரோமியத் தோல் தண்ணீரையும் சூட்டையும் ஓரளவு தாங்கும். பட்டைத் தோல் அவ்வளவு தாங்காது. நனைந்த பட்டைத் தோல் 75, 80 டிகிரிச் சூட்டிலேயே சுருங்கிப்போகும். கிழடு தட்டிய தோல் அதற்கும் முன்பே சுருங்கும்.

பழுப்புத் தோல் விரலில் செம்மண் தூள்போல் ஒட்டிக்கொண்டு வந்தால், நார்கள் உள்ளுக்குள்ளேயே மக்கிவிட்டன என்று அர்த்தம். எந்த எண்ணெயும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. ஞாபகத்துக்காக அலமாரியில் வைக்கலாம், காலில் போட முடியாது.

அடுத்து, சோல் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். சுற்றிலும் ஒரு தோல் பட்டை ஓடி, அதன்மேல் தையல் தெரிந்தால் நல்ல காலம். அந்த மாதிரி பூட்ஸுக்குப் பல தடவை சோல் மாற்றலாம். பசையால் மட்டும் ஒட்டியதையும் மறுபடி ஒட்டலாம். ஒரே வார்ப்பாக மேல்தோலோடு சேர்த்து ஊற்றிய சோல் என்றால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சோல் பொடிப்பொடியாக உதிர்ந்தால்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் புத்தம் புதிய பாதுகாப்பு பூட்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். வாங்கி நான்கைந்து வருடமாக அட்டைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் சோல் ஊறிய பிஸ்கட்போல் நொறுங்கி விழுந்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவருக்குக் கோபம்.

ஏமாற்று இல்லை. அது பாலியூரித்தேன் சோல், சுருக்கமாக பியூ சோல். காற்றில் உள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கும். போட்டு நடக்கும் பூட்ஸைவிட, பெட்டியில் அடைத்து வைத்த பூட்ஸ்தான் இப்படிச் சீக்கிரம் போகும். உதிர ஆரம்பித்த பியூ சோலுக்குப் பசை போடுவது வீண், ஏனென்றால் பசை பிடித்துக்கொள்ள அங்கே உறுதியான எதுவும் இல்லை. மேல்தோல் நன்றாக இருந்தால் பழைய சோலை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, ரப்பர் சோல் போட்டுத் தைக்கச் சொல்லி ஒரு நல்ல கடையில் கொடுங்கள். இதை வீட்டில் செய்ய முயல வேண்டாம்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூசணம் இல்லை

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கறுப்பு பூட்ஸில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அது மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு.

பூசணம் என்றால் திட்டுத் திட்டாகப் பஞ்சுபோல் படர்ந்திருக்கும், வாடை அடிக்கும், மடிப்புகளிலும் தையல் ஓரத்திலும் கூடுதலாக இருக்கும். உப்பு என்றால் தண்ணீர் ஏறி நின்ற மட்டத்தில் அலை அலையாகக் கோடு போட்டிருக்கும். ஈரத் துணியால் துடைத்தால் மறையும், காய்ந்ததும் திரும்ப வரும். கடற்கரையில் பூட்ஸோடு நடந்தவர்களுக்கு இந்தக் கோடு நன்றாகத் தெரியும். மூன்றாவது கொழுப்பு. தோலுக்குள் இருக்கும் கொழுப்பு வெளியே வந்து மாவுபோல் படிவது. வாடை இருக்காது. ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து லேசான சூடு காட்டினால் உருகிக் காணாமல் போகும். பூசணமும் உப்பும் சூட்டில் உருகாது.

மூன்றாவதை நானே உண்டாக்கியிருக்கிறேன். ஆரம்பத்தில் ஒரு ஜோடிக்குத் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்தேன். கார்த்திகை வரை பளபளவென்று இருந்தது. மார்கழியில் வெள்ளை பூத்தது. பூசணம் என்று நினைத்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சாயத்தையும் சேர்த்து எடுத்துவிட்டேன். குளிர்காலக் காலையில் குளியலறை பாட்டிலில் தேங்காய் எண்ணெய் எப்படி உறைகிறதோ, அதேதான் தோலுக்குள்ளும் நடந்திருக்கிறது. ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உறைந்துவிடும். தேங்காய் எண்ணெய் தலைக்கு நல்லது, பூட்ஸுக்கு வேண்டாம்.

பூசணத்தை எடுப்பது

வீட்டுக்குள் செய்யாதீர்கள். மொட்டை மாடியோ வாசலோ, வெளியே காற்றோட்டமாக இருக்கட்டும். மூக்கில் துணியோ மாஸ்க்கோ கட்டிக்கொள்ளுங்கள். லேஸைக் கழற்றி எறியுங்கள், புது லேஸுக்குப் பெரிய செலவு இல்லை. பாதம் படும் உள் அட்டை கழன்று வந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

முதலில் காய்ந்த பிரஷ்ஷால் எல்லாவற்றையும் தட்டி எடுங்கள். நாக்குக்கும் மேல்தோலுக்கும் நடுவில் உள்ள மடிப்பை மறக்காதீர்கள், அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்புறம் மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடைக்க வேண்டும். அதற்கு முன் நாக்கின் அடிப்பக்கம் ஒரு சின்ன இடத்தில் துடைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் இன்னும் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்பக்கத்தையும் அதே துணியால் துடைக்க வேண்டும். வெளியே மட்டும் சுத்தம் செய்தால் பதினைந்து நாளில் உள்ளிருந்து திரும்ப வந்துவிடும். துடைத்த துணியைத் துவைத்து வைக்காதீர்கள், குப்பையில் போடுங்கள்.

வெயிலில் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். காலை எட்டு மணிக்கு முன் அரை மணி நேரம் வைக்கலாம். சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தளத்தில் வைத்தால் தோல் அப்பளமாகிவிடும்.

கழுவுவது

தோல் இயல்பில் கொஞ்சம் அமிலத் தன்மை உள்ளது. சலவை சோப்பும் துணி சோப்புத் தூளும் அதற்கு நேர் எதிர். போட்டுத் தேய்த்தால் அழுக்கோடு சேர்த்து உள்ளிருக்கும் எண்ணெயையும் வாரிக்கொண்டு போய்விடும். வாடைக்காகச் சமையல் சோடாவைக் கொட்டுவதும் இதே காரணத்தால் கூடாது. தோலுக்கென்றே விற்கும் சேடில் சோப் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கண்ணாடிபோல் இருக்கும் கிளிசரின் குளியல் சோப்பு போதும். ஈர பிரஷ்ஷில் நுரை எழுப்பி, நுரையால் மட்டும் தேய்த்து, ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்து எடுங்கள். பூட்ஸைக் குழாயடியில் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. பல வீடுகளில் சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்து உள்ளே வந்தது. அப்படி நனைந்த பூட்ஸை அப்படியே காய விடாதீர்கள். சேறு காய்ந்தால் நார்களுக்குள் மணல் தங்கி, மடங்கும் இடத்தில் உள்ளேயே அறுக்கும். முதலில் நல்ல தண்ணீரில் முழுக்க அலசுங்கள், அதன் பிறகு சோப்பு, அதன் பிறகு காய வைப்பது.

பக்கிள், ரிவிட் எல்லாம் பித்தளையாக இருந்தால் அவற்றைச் சுற்றிப் பச்சைக் களிம்பு கட்டியிருக்கும். தோலில் உள்ள கொழுப்பு செம்போடு சேர்ந்து உண்டாவது அது. பல் குத்தும் குச்சியால் சுரண்டிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பிறகு எண்ணெய் தடவும்போது பித்தளையை ஒட்டித் தடவாதீர்கள்.

காய வைப்பது

இந்த ஒரு வேலையில் மட்டும் அவசரப்படாமல் இருந்தாலே பாதி பூட்ஸ் பிழைத்துவிடும்.

பழைய செய்தித்தாளைக் கசக்கி, முன்பக்கம் கால்விரல் இருக்கும் இடம் வரை திணியுங்கள். நிழலில், மின்விசிறிக்குக் கீழே, பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் சோலின் அடிப்பக்கமும் காயும். முதல் நாள் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை காகிதத்தை மாற்ற வேண்டும். நனைந்த காகிதத்தை உள்ளேயே விட்டுவிட்டால் அதுவே பூசணத்துக்கு மெத்தையாகிவிடும். கோடையில் இரண்டு நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் நான்கைந்து நாள் பிடிக்கும். ஹேர் டிரையர், அடுப்புப் பக்கம், காருக்குள் கண்ணாடியோரம், எதுவும் வேண்டாம்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, கையை உள்ளே விட்டு விரல் நுனியில் படும் உள் அட்டையைத் தொடுங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. வெளித்தோல் காய்ந்ததை நம்பி அடுத்த வேலைக்குப் போனால், எண்ணெய் மேலே மூடி போட்டதுபோல் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்.

எண்ணெய் கொடுப்பது

கழுவிக் காய்ந்த தோல் விறைப்பாக இருக்கும். பயந்து எண்ணெயைக் கொட்டாதீர்கள். ஒரு காலுக்கு ஒரு டீஸ்பூன் போதும். நீட்ஸ்ஃபுட் ஆயில் என்று விற்பது மாட்டின் கீழ்க்கால் எலும்பிலும் பாதத்திலும் எடுக்கும் எண்ணெய். தோலோடு நன்றாகச் சேரும். தேன்மெழுகு சேர்த்த தோல் கிரீம் இன்னும் சுலபம். துணியில் கொஞ்சம் எடுத்து மெல்லிசாகப் பூசி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தோலைக் கையால் மெதுவாக மடக்கிப் பாருங்கள். இன்னும் விறைப்பாக இருந்தால் இன்னொரு மெல்லிய பூச்சு. பெரியப்பாவின் பூட்ஸ் மூன்று இரவு குடித்தது. நான்காவது நாள் துணியிலேயே எண்ணெய் தங்கிவிட்டது. அங்கே நிறுத்திவிட வேண்டும்.

குளிர் தேசத்துக்காரர்கள் சொல்லும் அளவை நாம் பின்பற்றக் கூடாது. அங்கே காற்று வறண்டது. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாட்கள் ஏராளம். பூசணத்துக்கு அந்த அளவே போதும், அதோடு எண்ணெயும் மிஞ்சி நின்றால் விருந்துதான். வருடத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன் ஒன்று, தை பிறந்ததும் ஒன்று. அவ்வளவுதான்.

விட்டுப்போன தையல்

தொங்கிய பக்கிள் வாரை எடுத்துக்கொண்டு, நேரு வீதிப் பக்கம் நடைபாதையில் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். அவரே தைத்துக் கொடுத்திருப்பார். எனக்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னதும், பக்கத்தில் இருந்த மணையைத் தள்ளிப் போட்டு உட்காரச் சொன்னார். புது ஓட்டை குத்தக் குத்தூசியை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"பழைய ஓட்டையிலதான் நூலு போவணும் தம்பி. புதுசா குத்துனா ஸ்டாம்பு கிழிக்கிற மாதிரி வரிசையா கிழிஞ்சு வந்துடும்."

அதுதான் முதல் விதி. பழைய நூல் துணுக்குகளை ஊசியால் நெம்பி எடுங்கள். ஓட்டைகள் தூர்ந்திருந்தால் குத்தூசியின் நுனியால் திறந்துவிட்டால் போதும், அகலப்படுத்த வேண்டாம். நூல் பாலியெஸ்டரோ நைலானோ, தடிமனாக இருக்கட்டும். சாதாரணத் தையல் நூல் நம் ஈரத்தில் மக்கிவிடும். தைக்க வேண்டிய நீளத்தைப்போல் நான்கு மடங்கும், கையில் பிடிக்க ஒரு சாண் கூடுதலாகவும் வெட்டிக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகுக் கட்டி கிடைக்கும். நூலை அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இரண்டு மூன்று முறை இழுத்தால் நூல் மெழுகில் ஊறும். அப்போதுதான் முடிச்சு நழுவாது, தண்ணீரும் ஓட்டை வழியாக இறங்காது.

நூலின் இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஊசி. நுனி மொண்ணையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் நூலையே குத்திப் பிளக்கும். முதல் ஓட்டையில் நூலை விட்டு இரு பக்கமும் சமமாக இழுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஓட்டையில் வலது ஊசி வெளியிலிருந்து உள்ளே போகட்டும். அதே ஓட்டையில் இடது ஊசி உள்ளிருந்து வெளியே வரட்டும். இரண்டு நூலையும் ஒன்றாக இழுங்கள். இதே வரிசைதான் கடைசிவரை. ஒரு முறை வலது, ஒரு முறை இடது என்று மாற்றினால் தையல் கோணிக்கொள்ளும். இழுக்கும்போது தோலில் நூல் லேசாகப் பதிய வேண்டும், வெட்டக் கூடாது. எங்கே நிறுத்துவது என்பது பத்துத் தையலில் கைக்கே தெரிந்துவிடும்.

முடிவில் மூன்று ஓட்டை பின்னால் வந்து, நூலை ஒட்ட வெட்டி, லைட்டர் சூட்டில் நுனியை ஒரு நொடி காட்டுங்கள். உருகி மொட்டுப்போல் உட்காரும். சுத்தியலின் தட்டைப் பக்கத்தால் தையல் மேல் மெதுவாகத் தட்டினால் நூல் படியும். இப்படித் தைத்ததில் நடுவில் ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொண்டிருக்கும், ஒவ்வோர் ஓட்டையிலும் இரண்டு நூல் இருக்கிறதே. கிழிந்த வாருக்கும் நைந்த நாக்குக்கும் இது போதும். சோல் தையலுக்கு வேறு ஊசி, வேறு பலம் வேண்டும். அதைச் செருப்புத் தைப்பவர்களிடமே விட்டுவிடுங்கள்.

வாய் பிளந்த சோல்

முன்பக்கம் சோல் விட்டு வாய் பிளந்திருந்தால் வீட்டிலேயே ஒட்டலாம். மர வேலைக்குப் போடும் வெள்ளைப் பசை ஆகாது. ஹார்டுவேர் கடையில் ரப்பர் சொல்யூஷன் என்று கேட்டால் மஞ்சளாகத் தேன்போல் இருக்கும் பசையைக் கொடுப்பார்கள், அது வேண்டும். பிவிசி சோலில் மட்டும் அது சரியாகப் பிடிக்காது, அதற்குத் தனியாக பியூ பசை உண்டு.

ஒட்டுவது நிற்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய பசை. அதை முழுக்கச் சுரண்டுங்கள். 80 நம்பர் உப்புத்தாளால் இரண்டு பக்கமும் சொரசொரப்பாகத் தேயுங்கள். தூசியைத் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பசை பூசி, ஒட்டாமல் அப்படியே திறந்து வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து விரலின் பின்பக்கத்தால் தொட்டால் பிசுபிசுப்பு இருக்க வேண்டும், விரலில் ஒட்டி வரக் கூடாது. தோல் பக்கம் பசையைக் குடித்துவிட்டிருந்தால் அங்கே இன்னொரு பூச்சு பூசி, மறுபடி காத்திருங்கள். அப்புறம் முன்னாலிருந்து பின்னால் அழுத்திக்கொண்டே வந்து, சுத்தியலால் தட்டி, கயிறு சுற்றி ஒரு நாள் முழுக்க வையுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் உள்ளே பசை காயவே காயாது.

மழை பெய்துகொண்டிருக்கும்போது இந்த வேலையைத் தொடாதீர்கள். பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் பனிபோல் படியும். பார்த்தால் தெரியாது. ஒட்டியதுபோல் இருந்து ஒரு வாரத்தில் பிரிந்துவிடும். இன்னொன்று, இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ சாம்பிராணித் தணலோ இருக்கக் கூடாது.

தேய்ந்த ஹீலுக்குச் சின்ன வேலைதான். ரப்பர் துண்டை இதே பசையில் ஒட்டி, சுற்றி நான்கு ஆணி அடித்துவிடலாம். ஆணி உள்ளே நீட்டிக்கொண்டு வராத நீளமா என்று மட்டும் பாருங்கள்.

வெடிப்பும் நிறமும்

வெடித்த தோல் மறுபடி ஒன்று சேராது. இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடும், ஆனாலும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஆழமில்லாத கீறலாக இருந்தால் 400 நம்பர் உப்புத்தாளால் மெதுவாகச் சமன் செய்து, தோலுக்கான ஃபில்லரை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை நிரப்பி, நிறம் கொடுத்தால் கண்ணுக்குத் தெரியாது. மடங்கும் இடத்தில் மறுபக்கம் வரை வெடித்திருந்தால் உள்ளிருந்து மெல்லிய தோல் துண்டு வைத்து ஒட்டித் தைக்க வேண்டும்.

நிறம் போன இடத்துக்கு முதலில் நிற கிரீம், அது காய்ந்த பிறகு மெழுகு பாலிஷ். செர்ரி பிளாசமோ கிவியோ, டப்பாவில் வரும் எந்த மெழுகு பாலிஷும் நல்லதுதான். மெழுகு மேலே பளபளக்கும், தோலுக்குள் ஊட்டம் எதுவும் தராது. அதனால் எண்ணெய் கொடுக்காமல் பாலிஷ் மட்டும் அடுக்கிக்கொண்டே போனால் அந்த மெழுகே மடிப்புகளில் வெடிக்கும். துணியை விரலில் சுற்றி, துளி பாலிஷ், ஒரு சொட்டுத் தண்ணீர், சின்னச் சின்ன வட்டம். முனையில் மட்டும் கண்ணாடிப் பளபளப்பு ஏற்றுங்கள், மடங்கும் இடத்தில் வேண்டாம்.

இனி எங்கே வைப்பது

பாலித்தீன் பை கூடாது. மூடிய அட்டைப் பெட்டி கூடாது. ரசகற்பூரம் பூச்சிக்குத்தான், பூசணத்தை அது தடுக்காது. சுவரை ஒட்டாமல், தரையில் படாமல், காற்று போகும் திறந்த தட்டில் வையுங்கள். உள்ளே காய்ந்த காகிதம், கூடவே பழைய துணியில் கட்டிய ஒரு கைப்பிடி அடுப்புக் கரி. கரியை மாதம் ஒரு முறை வெயிலில் காய வைத்துத் திரும்பப் போடலாம். எல்லாவற்றையும்விட, பத்து நாளைக்கு ஒரு தடவை காலில் போட்டு அரை மணி நேரம் நடங்கள். நடக்கும்போது தோல் மடங்கி விரிகிறது, உள்ளே காற்று மாறுகிறது, நீங்களும் பூட்ஸைக் கையில் எடுத்துப் பார்க்கிறீர்கள்.

நீண்ட நாள் கிடந்த பூட்ஸை முதல் நாளே நெடுந்தூரம் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பெரியப்பாவின் பூட்ஸ் எனக்குக் கொஞ்சம் பெரிசு. தடிமனான காலுறை போட்டுக்கொண்டு, ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே பெரியம்மாவின் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். டக்டக்கென்று சத்தம் கேட்டு அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். எட்டாவது நாள் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் வரை போய்த் திரும்பினேன். வந்ததும் உப்புக் காற்று பட்ட தோலை ஈரத் துணியால் துடைத்து, காகிதம் திணித்து, ஜன்னலோரத் தட்டில் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. தைத்த பக்கிள் வாரில் நூல் மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அடுத்த ஐப்பசிக்கு முன் அதற்கு இன்னொரு முறை தேன்மெழுகு தடவ வேண்டும்.